ஐந்தடுக்கு பிலிம்: வணிகர்கள் அறிய வேண்டிய விவரங்கள்



முந்திரிப் பருப்பை முகர்ந்து பார்த்து வாங்குகிறோம். மல்லாட்டையை உடைத்து, மென்று பார்த்து விலை பேசுகிறோம். மிளகாய் வற்றலைக் கையில் நொறுக்கிக் காய்ச்சலைத் தெரிந்துகொள்கிறோம். ஆனால் இந்தச் சரக்கையெல்லாம் போட்டு விற்கும் பிளாஸ்டிக் உறையை மட்டும், "கிலோ என்ன விலை? எத்தனை மைக்ரான்?" என்ற இரண்டே கேள்விகளோடு வாங்கிவிடுகிறோம். இந்த இரண்டு கேள்விகளும் போதாது என்பதை நாங்கள் நஷ்டப்பட்டுத்தான் கற்றோம். மற்றவர்கள் நஷ்டப்படாமலே கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் அனுபவம்

எங்களுக்குச் சொந்த ஊர் விருத்தாசலத்தை அடுத்த நல்லூர். மண்டி வைத்திருப்பது விருத்தாசலத்தில். முந்திரியும் மல்லாட்டையும்தான் பிரதான வியாபாரம். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளியை ஒட்டி, அரைக் கிலோ முந்திரிப் பருப்பைக் காற்று நீக்கிய உறையில் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கத் திட்டமிட்டோம். "ஐந்தடுக்கு நைலான் பிலிம், 80 மைக்ரான்" என்று சொல்லி ஒருவர் உறை கொண்டு வந்தார். மற்றவர்களைவிடக் கிலோவுக்கு விலை குறைவு. மைக்ரோமீட்டர் வைத்து அளந்தோம். 80 மைக்ரான் சரியாகவே இருந்தது. மகிழ்ச்சியோடு வாங்கினோம்.

அடைத்த அன்று உறைகள் செங்கல் போல இறுகி நின்றன. மூன்றாவது வாரம் கடைக்காரர் ஒருவர் வந்து, "ஐயா, பாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது" என்றார். பிரித்துப் பார்த்தால் பருப்பு நமுத்திருந்தது. லேசான சிக்கு வாடையும் இருந்தது. ஒரு கடையில் தொடங்கியது, நாலு கடையிலிருந்து சரக்குத் திரும்பியது. தீபாவளிச் சரக்கு தீபாவளிக்குப் பிறகு திரும்பி வந்தால் அதன் மதிப்பு என்னவென்று வணிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பணம் போனதைவிட, இருபது வருடமாக எங்களிடம் வாங்கிய ஒருவர் அடுத்த வருடம் வேறிடம் போனதுதான் பெரிய வருத்தம்.

உறையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். ஐந்து அடுக்கு இருந்தது உண்மை. ஆனால் 12 மைக்ரான் இருக்க வேண்டிய நைலான் அடுக்கு 4 மைக்ரான்தான் இருந்தது. மீதியைச் சாதாரண பாலிதீனால் நிரப்பி 80 மைக்ரானைச் சரிக்கட்டியிருந்தார்கள். பிலிம் ஓட்டும் மிஷினில் வேலை பார்க்கும், எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, நீங்க எடையைத்தான் வாங்கியிருக்கீங்க. அடுக்கை வாங்கலை."

அவரை விடவில்லை. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார வைத்துக் கேட்டோம். அவர் சொன்னதும், பிறகு நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதும் கீழே வருகின்றன.

ஜாடி என்ன செய்தது?

விருத்தாசலம் பீங்கான் ஊர். இங்கே செராமிக் தொழிற்பேட்டை உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் உண்டு. ஆகவே நம் பக்கத்து வணிகர்களுக்கு ஜாடியை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும்.

நம் வீட்டுப் பெண்கள் ஊறுகாயை மண்பானையில் வைக்க மாட்டார்கள், பீங்கான் ஜாடியில்தான் வைப்பார்கள். மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதனால்தான் பானைத் தண்ணீர் கசிந்து குளிர்ச்சியாகிறது. ஜாடியின் மேல் கண்ணாடி போன்ற மெருகு பூச்சு இருக்கிறது. அது மிக மெல்லியது. ஆனால் காற்றையும் ஈரத்தையும் அதுதான் தடுக்கிறது. ஜாடியின் கனம் உடையாமல் தாங்குவதற்கு. சரக்கைக் காப்பதில் பெரும்பங்கு மேல்பூச்சினுடையது.

பிலிமும் இதே கதைதான். சாதாரண பாலிதீன் தண்ணீரை நன்றாகத் தடுக்கும். அதனால் அது எல்லாவற்றையும் தடுக்கும் என்று நினைத்துவிடுகிறோம். காற்றில் உள்ள ஆக்சிஜனுக்கும் வாசனைக்கும் பாலிதீன் ஏறக்குறைய மண்பானை மாதிரி. கதவு சாத்தியிருப்பதுபோலத் தெரியும், ஆனால் உள்ளே வருவது வந்துகொண்டே இருக்கும்.

முந்திரிப் பருப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பங்கு கொழுப்பு. மல்லாட்டையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக்சிஜன் இந்தக் கொழுப்போடு சேர்ந்தால்தான் சிக்கு வாடை வருகிறது. அந்தக் காலத்தில் ஏற்றுமதி முந்திரியை 25 பவுண்டு, அதாவது 11.34 கிலோ பிடிக்கும் தகர டின்னில் அடைத்து, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டுக் கரியமில வாயுவை நிரப்பி ஈயம் வைத்து மூடி அனுப்பினார்கள். பிற்பாடு தகரத்தின் இடத்தைப் பல அடுக்கு பிலிம் உறை பிடித்துக்கொண்டது. ஜாடி செய்த வேலையையும் டின் செய்த வேலையையும் இன்று ஒரு மெல்லிய தாள் செய்கிறது. அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஐந்து அடுக்குகள் எவை?

80 மைக்ரான் பிலிம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதல் அடுக்கு, வெளிப்பக்கம்: பாலிதீன், 30 மைக்ரான்.
இரண்டாவது: ஒட்டும் அடுக்கு, 4 மைக்ரான்.
மூன்றாவது, நடுவில்: நைலான், 12 மைக்ரான்.
நான்காவது: மறுபடியும் ஒட்டும் அடுக்கு, 4 மைக்ரான்.
ஐந்தாவது, உள்பக்கம்: பாலிதீன், 30 மைக்ரான்.

பாலிதீன் ஈரத்தைத் தடுக்கிறது. சூடு பட்டால் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் உறையை சீல் வைக்கவும் அதுவே உதவுகிறது. நைலான் ஆக்சிஜனையும் வாசனையையும் பெருமளவு தடுக்கிறது. கிழியாமல், முனை குத்தாமல் தாங்குவதும் நைலானே. முந்திரிப் பருப்பின் நுனி காற்று நீக்கிய உறையில் ஊசி போலக் குத்தும் என்பதால் இந்தக் குணம் நமக்கு அவசியம்.

பாலிதீனும் நைலானும் எண்ணெயும் தண்ணீரும் போல. சும்மா சேர்த்து வைத்தால் ஒட்டாது, உரித்தால் வந்துவிடும். அதனால்தான் நடுவில் ஒட்டும் அடுக்கு. இதுவும் பாலிதீன்தான். ஆனால் அதன் சங்கிலியில் மாலிக் அன்ஹைட்ரைடு என்ற ரசாயனத்தைச் சிறிதளவு கோத்திருப்பார்கள். ஒரு கையால் பாலிதீனையும் மறு கையால் நைலானையும் அது பிடித்துக்கொள்கிறது. நமது தொழிலில் தரகர் செய்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் உயர்ந்த பாதுகாப்பு வேண்டுமானால் நைலானுக்குப் பதில் ஈ.வி.ஓ.எச். என்ற பிளாஸ்டிக்கை நடுவில் வைப்பார்கள். ஜப்பானின் குராரே நிறுவனம் இதை 1972ல் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது. ஆக்சிஜனைத் தடுப்பதில் நைலானை இது வெகுவாக மிஞ்சும். விலையும் அதிகம்.

இரண்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஈரம் பட்டால் இவற்றின் தடுக்கும் சக்தி குறைகிறது. மழைக்கால அப்பளம் நமுத்துப்போவது மாதிரி. அதனால்தான் ஈரம் புகாத பாலிதீனை இருபுறமும் போர்த்தி, நடுவில் பத்திரமாக வைக்கிறார்கள். ஐந்தடுக்கு என்று ஏற்பட்டதற்குக் காரணம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வணிகருக்குக் கணக்குதான் புரியும். ஆகவே கணக்காகவே சொல்கிறோம். அறை வெப்பத்தில், முழு ஆக்சிஜனை ஒரு பக்கம் வைத்துச் சோதித்தால், ஒரு சதுர மீட்டர் பிலிம் வழியாக ஒரு நாளில் கடக்கும் ஆக்சிஜன் தோராயமாக இவ்வளவு:

80 மைக்ரான் வெறும் பாலிதீன்: சுமார் 2,300 கன சென்டிமீட்டர்.
12 மைக்ரான் நைலான் உள்ள பிலிம்: சுமார் 80.
5 மைக்ரான் ஈ.வி.ஓ.எச். உள்ள பிலிம்: சுமார் 2.

நமது காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். 20 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் உறை ஒன்றின் இரு பக்கமும் சேர்ந்து 0.12 சதுர மீட்டர். காற்று நீக்கிய அத்தகைய உறைக்குள் வெறும் பாலிதீனில் நாளொன்றுக்கு 58 கன சென்டிமீட்டர் போல ஆக்சிஜன் புகும். சரியான நைலான் பிலிமில் 2. எங்கள் தலையில் கட்டிய 4 மைக்ரான் நைலானில் 6. மூன்று வாரத்தில் பாக்கெட் ஏன் தொளதொளத்தது என்பதற்கு இந்த 6 என்ற எண்ணே பதில்.

இன்னொன்றும் பாருங்கள். 12 மைக்ரான் நைலான் செய்கிற வேலையை வெறும் பாலிதீனைக் கொண்டே செய்ய வேண்டுமானால், அது 2 மில்லிமீட்டருக்கும் மேல் தடிமனாக இருக்க வேண்டும். 5 மைக்ரான் ஈ.வி.ஓ.எச். வேலைக்கு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர், அதாவது செங்கல் கனத்துக்கும் மேலே பாலிதீன் வேண்டும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இங்கே முழுக்கப் பொருந்தும். "கனமான கவர், நல்ல கவர்" என்ற நமது பழைய எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

பிலிம் எப்படித் தயாராகிறது?

செராமிக் பட்டறையில் பக் மில் பார்த்திருப்பீர்கள். குழைத்த களிமண்ணை ஒரு திருகு உள்ளே தள்ளிக்கொண்டே போய், முன்னால் இருக்கும் வாய் வழியே ஒரே சீராக வெளியே பிதுக்கும். முறுக்கு அச்சும் அதே தத்துவம்தான். பிளாஸ்டிக் தொழிலில் இதற்கு எக்ஸ்ட்ரூடர் என்று பெயர். களிமண் பச்சையாகவே பிதுங்கும். பிளாஸ்டிக்கை உருக்கிப் பிதுக்க வேண்டும். அதுதான் வித்தியாசம்.

மேலே உள்ள தொட்டியில் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டுவார்கள். தொழிலில் இதைத் தானா என்பார்கள். அது நீண்ட இரும்புக் குழலுக்குள் இறங்குகிறது. குழலுக்குள் திருகு சுற்றுகிறது, வெளியே மின்சாரச் சூடு. தானா நசுங்கி உருகித் தேன் பதத்துக்கு வருகிறது. பாலிதீனை 170 முதல் 210 டிகிரி வரை சூட்டில் ஓட்டுவார்கள். நைலான் உருகுவதே 220 டிகிரியில்தான். அதை 230 முதல் 260 வரை வைக்க வேண்டும்.

பல அடுக்கு பிலிமில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எக்ஸ்ட்ரூடர் உண்டு. ஐந்தடுக்கு மிஷின் என்றால் பெரும்பாலும் ஐந்து எக்ஸ்ட்ரூடர்கள் ஒரே தலையைச் சுற்றி நிற்கும். அந்தத் தலைக்கு டை என்று பெயர். ஒவ்வொரு உருகலும் தனித்தனிச் சுருள் வாய்க்காலில் சுற்றி வந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கடைசியில் வட்டமான ஒரு மெல்லிய இடுக்கு வழியே குழாய் வடிவில் மேலே எழும்புகிறது. உருகிய நிலையிலேயே அடுக்குகள் சேருவதால் தனியே பசை தேவையில்லை. ஆறு ஒன்று சேர்ந்தும் நீர் கலங்காமல் அடுக்கடுக்காய் ஓடுவது மாதிரி இது நடக்க வேண்டும்.

பிறகு குழாய்க்குள் காற்றை ஊதுவார்கள். பலூன் போல அது இரண்டு மூன்று மடங்கு விரிகிறது. வெளியிலிருந்து குளிர்காற்று வளையம் வீசும். ஓர் உயரத்தில் உருகிய பிலிம் உறைந்து நிலைப்படும். மேலே இரண்டு உருளைகள் பலூனை நசுக்கித் தட்டையாக்கி இழுக்கும். ஓரத்தை வெட்டி ரோலில் சுற்றினால் பிலிம் தயார். ஊதாமல், நீண்ட பட்டை வாய் வழியே விட்டுக் குளிர்ந்த உருளைமேல் படியவைத்துச் செய்யும் முறையும் உண்டு. அதில் பளபளப்பு அதிகம், தடிமனும் சீராக வரும்.

சிப்ஸ், காப்பித்தூள் உறைகள் வேறு வகை. அங்கே தனித்தனியாகச் செய்த பிலிம்களையும், சிலவற்றில் அலுமினியத் தாளையும் பசை வைத்து ஒட்டுகிறார்கள். இதற்கு லாமினேஷன் என்று பெயர். அச்சு இரண்டு தாள்களுக்கு இடையில் இருப்பதால் அழியாது. கடையில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் விலையும் வேறு, பின்னால் நாம் சொல்லப்போகும் சட்டக் கணக்கும் வேறு.

தவறு நடக்கும் இடங்கள்

முதலாவது, நைலான் தானாவைக் காயவைக்காமல் போடுவது. நைலான் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத்தோடு சூட்டுக்குள் போனால் ஆவியாகி பிலிமில் குமிழும் கோடும் விழும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும்.

இரண்டாவது, உருகலின் பதம் ஒத்துப்போகாதது. இட்லி மாவும் தோசை மாவும் ஒரே வேகத்தில் ஓடுமா? ஓர் அடுக்கு கெட்டியாகவும் அடுத்தது நீர்த்தும் இருந்தால், சேரும் இடத்தில் அலை அலையாக நெளியும். நடு அடுக்கு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். எந்த ரகப் பாலிதீனோடு எந்த நைலான் சேரும் என்று தெரிந்தவரே நல்ல தயாரிப்பாளர்.

மூன்றாவது, கருகல். ஈ.வி.ஓ.எச். உருகல் மிஷினுக்குள் அதிக நேரம் தேங்கினால் பழுத்துக் கட்டியாகும். பிலிமில் மஞ்சள் புள்ளியும் மீன் கண் போன்ற கட்டியும் வரும். மிஷினை நிறுத்தும் முன் பாலிதீனை ஓட்டிக் கழுவ வேண்டும். அதற்குச் சோம்பினால் அடுத்த ரோல் கெடும்.

நான்காவது, ஒருபக்கச் சுருளல். பீங்கான் தட்டில் ஒரு பக்கம் மட்டும் கனமாக மெருகு பூசினால் சூளையில் கோணிக்கொள்ளும் என்பது நம்மூர் தொழிலாளிக்குத் தெரியும். பிலிமிலும் நைலானை ஓர் ஓரத்தில் வைத்தால் தாள் சுருண்டுகொள்ளும். நடுவில் வைத்து இருபுறமும் சமமாகப் பாலிதீன் கொடுத்தால் தட்டையாகக் கிடக்கும்.

ஐந்தாவதுதான் எங்களைக் கடித்தது. ஒவ்வொரு அடுக்கின் கனமும் அந்தந்த எக்ஸ்ட்ரூடரின் திருகு சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. நைலான் விலை அதிகம், பாலிதீன் விலை குறைவு. நைலான் திருகின் வேகத்தைக் குறைத்து, பாலிதீன் திருகின் வேகத்தைக் கூட்டினால் மொத்த மைக்ரான் மாறாது. எடையும் பெரிதாக மாறாது. கண்ணுக்கும் தெரியாது. ஒரு குமிழைத் திருப்பினால் போதும், வாங்குகிறவன் பணம் விற்கிறவன் பைக்குப் போய்விடும். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. கேள்வி கேட்காதவரிடம் சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

எந்தச் சரக்குக்கு எது?

எல்லாவற்றுக்கும் ஐந்தடுக்கு வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தேவையில்லாத இடத்தில் போடுவதும் நஷ்டமே.

அரிசி, உளுந்து, துவரை போன்றவற்றுக்கு வண்டும் ஈரமும்தான் பகை. சாதாரண பாலிதீன் போதும். பால் பாக்கெட்டும் மூன்று அடுக்கு பிலிம்தான். ஆனால் அந்த அடுக்குகள் எல்லாமே பாலிதீன் வகை. ஓரிரு நாளில் செலவாகும் சரக்குக்கு ஆக்சிஜனைத் தடுக்க வேண்டியதில்லை, கசியாமல் இருந்தால் போதும். ஆகவே "மூன்றடுக்கு", "ஐந்தடுக்கு" என்ற எண்ணிக்கையைக் கேட்டு மயங்கக் கூடாது. எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

முந்திரி, வறுத்த கடலை, மசாலாப் பொடி, பெருங்காயம், நெய்ப் பலகாரம் ஆகியவற்றுக்குத்தான் தடுப்பு அடுக்கு அவசியம். சமையல் எண்ணெய் உறைக்கு நடுவில் நைலான் வைத்த ஐந்தடுக்கு பிலிம் நாடெங்கும் பழக்கத்தில் உள்ளது. 1998ல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்து 60க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெயை அடைத்தே விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எண்ணெய் உறைக்குத் தேவை பெருகியதில் அதற்கும் பங்குண்டு.

சிறு உறை வியாபாரம் என்று வந்தால் நம் மாவட்டத்துக்குத் தனிப் பெருமை உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்தான் ஷாம்பூ போன்ற சரக்குகளைச் சிறு சாஷேயில் அடைத்து ஏழைக்கும் எட்ட வைத்த முன்னோடி. அவர் குடும்பத்தார் அந்த வழியில் வெல்வெட், சிக் என்று பெரிய வியாபாரங்களை வளர்த்தார்கள். உறையைப் புரிந்துகொண்டவர் சந்தையைப் பிடித்தார் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம்.

2011 டிசம்பர் 30ல் வீசிய தானே புயலில் நம் பக்கத்து முந்திரித் தோப்புகள் எப்படிச் சாய்ந்தன என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு முந்திரி மரம் காய்க்க வருடங்கள் ஆகும். உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்து வருகிற பருப்பின் பின்னால் எத்தனை பெண்களின் கை உழைப்பு இருக்கிறது! அது கடைசியில் மட்டமான உறையால் கெட்டுப்போனால் அது வெறும் வியாபார நஷ்டம் மட்டுமல்ல.

வாங்கும்போது கவனிக்க

1. ஆர்டரில் "ஐந்தடுக்கு, 80 மைக்ரான்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த அடுக்கில் எந்தப் பொருள், எத்தனை மைக்ரான் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

2. ஆக்சிஜன் கடக்கும் அளவுக்குச் சோதனைச் சான்று கேளுங்கள். எந்த வெப்பத்தில், எவ்வளவு ஈரப்பதத்தில் சோதித்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். சென்னை கிண்டியில் 1968ல் தொடங்கிய சிப்பெட் நிறுவனம் போன்றவை பிளாஸ்டிக் பரிசோதனை செய்து தருகின்றன. பெரிய ஆர்டர் என்றால் அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

3. விலையைக் கிலோ கணக்கில் மட்டும் பார்க்காமல் உறை கணக்கில் பாருங்கள். நீளம், அகலம், கனம், அடர்த்தி நான்கையும் பெருக்கி, இரு பக்கத்துக்குமாக இரட்டித்தால் எடை வரும். மேலே சொன்ன 20க்கு 30 உறை, 80 மைக்ரான், அடர்த்தி 0.95 என்றால் ஒன்று சுமார் 9 கிராம். கிலோவுக்கு 110 போல வரும். 90தான் வருகிறது என்றால் கனம் கூடுதல். 130 வந்தால் குறைவு.

4. தடிமனை ஓரிடத்தில் அளந்துவிட்டு விடாதீர்கள். அகலவாக்கில் எட்டு இடத்தில் அளந்து பாருங்கள். ஏற்ற இறக்கம் அதிகமாக இருந்தால் நடு அடுக்கும் அப்படித்தான் இருக்கும்.

5. கடையிலேயே செய்யக்கூடியது பெருங்காயச் சோதனை. நன்றாகத் தெரிந்த பழைய உறை ஒன்றிலும் புது உறை ஒன்றிலும் ஒரே அளவு பெருங்காயத்தைப் போட்டு சீல் வையுங்கள். உறையின் வெளிப்பக்கத்தில் பொடி படக் கூடாது. இரண்டையும் தனித்தனி எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்து மறுநாள் திறந்து முகருங்கள். வெறும் பாலிதீனாக இருந்தால் மூக்கே சொல்லிவிடும். இது ஒப்பிட்டுப் பார்க்கத்தான், சான்றுக்குப் பதில் ஆகாது.

6. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நைலான் தனியாக இருந்தால் மூழ்கும். ஆனால் இந்தப் பிலிமில் பாலிதீனே அதிகம் என்பதால் நல்லதும் மிதக்கும், மட்டமானதும் மிதக்கும். அதை நம்பாதீர்கள்.

7. பிலிம் நன்றாக இருந்தும் சரக்குக் கெட்டால் சீலைப் பாருங்கள். சீல் விழும் இடத்தில் பருப்புத் தூளோ எண்ணெயோ இருந்தால் தலைமுடி அளவு வழி உண்டாகிவிடும். அந்த வழியில் போகும் காற்று, பிலிம் முழுக்கப் போகும் காற்றைவிட அதிகம். பருப்பின் ஈரம் 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதையும் அடைக்கும் முன் பாருங்கள். உள்ளேயே ஈரத்தை வைத்துப் பூட்டினால் உறை என்ன செய்யும்?

சட்டமும் நம் கடமையும்

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகளின்படி உணவைத் தொடும் பிளாஸ்டிக் இந்தியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். பாலிதீனுக்கு ஐ.எஸ். 10146, நைலான் 6க்கு ஐ.எஸ். 12247. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிய தானாவை உணவு உறைக்கான இத்தகைய பிலிமில் சேர்க்கக் கூடாது. இதற்கும் எழுத்து வடிவில் உறுதி வாங்குங்கள்.

பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 2022ல் வகை பிரித்திருக்கிறார்கள். பல வகை பிளாஸ்டிக் மட்டுமே சேர்ந்த மெல்லிய உறை இரண்டாம் வகை. அலுமினியத் தாள், காகிதம் போன்ற வேறு பொருளும் சேர்ந்தது மூன்றாம் வகை. சொந்தப் பெயர் அச்சிட்டு விற்பவருக்குப் பொறுப்பு உண்டு. நிறுவனத்தின் அளவைப் பொறுத்து அது மாறும். தணிக்கையாளரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களைத் தடை செய்ததும், ஆலை உறைகளுக்குத் தந்த விலக்கை 2020ல் திருத்தியதும் நமக்குத் தெரிந்ததே. புதிதாக உறை அச்சடிக்கும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் நடப்பு நிலவரத்தைக் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். ரோல் கணக்கில் அச்சடித்துவிட்டு முழிக்கக் கூடாது.

இதில் மனச்சாட்சிக் கணக்கும் ஒன்று உண்டு. சரக்கைக் காக்கும் இதே அடுக்குகள்தான், உறை குப்பைக்குப் போன பிறகு தொல்லையாகின்றன. பாலிதீனை உருக்கும் சூட்டில் நைலான் உருகாது. அதனால் மறுசுழற்சிக்காரர் இந்த உறையைத் தள்ளிவிடுகிறார். ஈ.வி.ஓ.எச். நூற்றுக்கு 5 பங்குக்குள் இருந்தால் பாலிதீனோடு சேர்த்து மறுசுழற்சி செய்யலாம் என்று ஐரோப்பாவில் வழிகாட்டுதல் வகுத்திருக்கிறார்கள். முடிந்த இடத்தில் அந்த வகைக்கு மாறுவதும், பெரிய உறைகளைத் திரும்ப வாங்கித் தனியே சேர்ப்பதும் நம்மால் ஆகக்கூடியவையே.

முடிவாக

எங்கள் மண்டியில் இப்போது உறை கொண்டு வருபவரிடம் முதலில் விலை கேட்பதில்லை. "நடுவில் என்ன, எத்தனை மைக்ரான், சான்று எங்கே?" என்றுதான் கேட்கிறோம். சிலர் முகம் சுளித்துப் போய்விடுகிறார்கள். அது நல்லதற்கே. பதில் சொல்லிச் சான்றோடு வருபவருக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கிறோம். அன்று எங்களை விட்டுப் போன அந்தப் பழைய வாடிக்கையாளர் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்து, இறுக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நூறு பாக்கெட் எழுதச் சொன்னார்.

சரக்கை நிறுத்துப் பார்த்து வாங்குகிற நாம், அதைக் காக்கும் உறையையும் கேட்டுப் பார்த்து வாங்குவோம்.